கூலன்ட்டைக் கலர் பார்த்து வாங்கலாமா? உங்கள் காருக்குச் சரியானதைத் தேர்ந்தெடுப்பது, சோதிப்பது எப்படி?

டெல்லியின் கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் படியில் கீழே வந்தால் காலடியில் புசா ரோடு. மேலே மெட்ரோ ரயில் ஓடிக்கொண்டிருக்கும். கீழே மே மாத வெயிலில் கார்கள் பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்கும். டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதனால் டெல்லித் தமிழர்களுக்குப் பழகிய இடம் இது.

கரோல் பாக் பகுதிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பழைய கார் விற்கும் கடைகளும், கார் உதிரிபாகங்கள், அலங்காரப் பொருட்கள் விற்கும் கடைகளும் இங்கே அதிகம். 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் தலைநகரில் ஓடக்கூடாது என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. அந்த விதியில் பின்னர் சில தளர்வுகள் வந்தன. ஆனாலும் டெல்லியில் விலை குறைந்த கார்கள் மற்ற மாநிலங்களுக்குப் போவது நிற்கவில்லை. தமிழ்நாட்டின் பழைய கார் சந்தையில் 'டெல்லி வண்டி' என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்.

அப்படி ஒரு வண்டி வாங்கப் போகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், ஏசி போட்டுப் பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்ததும் ஓரத்தில் தெரியும் சின்ன பிளாஸ்டிக் டேங்கை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அதில் இருக்கும் கலர் தண்ணீர்தான் கூலன்ட். அது சரியில்லாத வண்டியை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி ஊருக்குக் கொண்டுவந்தால், வழியில் எங்காவது இன்ஜின் கொதிக்கலாம். ஹெட் கேஸ்கெட் போனால், மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் பட்டறையில் கரைந்துவிடும்.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான். எந்தக் கூலன்ட் வாங்குவது? பச்சையா, சிவப்பா? தண்ணீர் கலக்கலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூலன்ட் என்ன வேலை செய்கிறது?

நாம் போடும் எரிபொருளின் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக மாறி இன்ஜினின் உலோகத்தில் ஏறுகிறது. அதை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், காற்றில் விட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் கூலன்ட்டின் முதல் வேலை.

வெப்பத்தைச் சுமக்க மட்டும்தான் என்றால் வெறும் தண்ணீரே போதும். உண்மையில் தண்ணீரைவிட நன்றாக வெப்பத்தைச் சுமக்கும் மலிவான திரவம் கிடையாது. ஆனால் தண்ணீருக்கு மூன்று குறைகள் உண்டு. 0 டிகிரியில் உறையும். 100 டிகிரியில் கொதிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

முதல் இரண்டு குறைகளைச் சரிசெய்யத்தான் தண்ணீரில் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் கலக்கப்படுகிறது. மூன்றாவது குறைக்காக அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. அளவில் இவை மிகக் கொஞ்சம். ஆனால் ஒரு கூலன்ட்டை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இவைதான்.

இங்கே ரேடியேட்டர் மூடிக்கும் ஒரு பங்கு உண்டு. அது வெறும் மூடி இல்லை, ஒரு வால்வு. பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. பல கார்களில் அதன் மேல் 0.9 அல்லது 1.1 பார் என்று அச்சாகியிருக்கும். இந்த அழுத்தத்தில் கொதிநிலை சுமார் 20 டிகிரி கூடும். கேஸ்கெட் காய்ந்துபோன பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. கூலன்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அப்போது சீக்கிரமே கொதித்துவிடும்.

தமிழ்நாட்டில் பனி விழுவதில்லையே, கூலன்ட் எதற்கு?

கூலன்ட்டை ஆன்டி-ஃப்ரீஸ் என்று சொல்வதால் வரும் சந்தேகம் இது. டெல்லியிலேயே வண்டி உறைந்துபோகும் அளவுக்குக் குளிர் வருவது அரிது. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2023 ஜனவரியில் 1.4 டிகிரி வரை இறங்கியது. அதே நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி பதிவானது. டெல்லிக்காரர்களுக்கு உறைதலைவிடக் கொதித்தல்தான் பெரிய பிரச்சினை. சென்னைக்கும் மதுரைக்கும் சொல்லவே வேண்டாம்.

நெடுஞ்சாலையில் ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டரில் மோதும். புசா ரோடு மாதிரி நெரிசலில் நிற்கும்போது அந்தக் காற்று கிடையாது. ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஃபேன் மட்டுமே காப்பாற்ற வேண்டும். கொதிநிலை கூடுதலாக இருக்க வேண்டிய நேரம் அதுதான்.

அரிப்பு எல்லா ஊரிலும், எல்லாப் பருவத்திலும் நடக்கும். இப்போதைய கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம். பல வண்டிகளில் இன்ஜின் பிளாக்கும் அலுமினியம்தான். வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே வெள்ளைப் படிவமும் துருவும் சேர்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். வாட்டர் பம்ப் கசியும். இவை நடக்கச் சில மாதங்கள் ஆகும் என்பதால், தண்ணீர் ஊற்றிய அன்று எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

கலரைப் பார்த்து வாங்கலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூலன்ட்டுக்குச் சொந்த நிறம் கிடையாது. கசிந்தால் கண்ணில் படட்டும், தண்ணீர் என்று நினைத்து யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சாயம் சேர்க்கிறார்கள். எந்த வகைக்கு எந்தச் சாயம் என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை.

ஒரு உதாரணம். ஃபோக்ஸ்வாகனின் ஜி12 சிவப்பு. டொயோட்டாவின் பழைய லாங் லைஃப் கூலன்ட்டும் சிவப்பு. ஜி12-ல் பாஸ்பேட் இல்லை, டொயோட்டாவுடையதில் பாஸ்பேட் உண்டு. கடையில் போய் 'சிவப்பு கூலன்ட் ஒரு லிட்டர் கொடுங்க' என்று கேட்டால் இரண்டில் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. மூன்றாவதாக வேறு ஏதோ ஒன்றும் வரலாம். ஹோண்டாவும் சுசுகியும் நீலம் பயன்படுத்துகின்றன. அதற்காக இரண்டும் ஒன்று என்று ஆகிவிடாது.

அப்படியானால் எத்தனை வகை உண்டு?

சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருளை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள்.

ஐஏடி: பழைய முறை. சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் உலோகத்தின் மேல் முழுவதும் ஒரு படலமாகப் படியும். வேகமாகப் பாதுகாப்புத் தரும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வழக்கமாக 2 ஆண்டுகள் அல்லது 40,000 கிலோமீட்டர் தாங்கும். மலிவான பச்சைக் கூலன்ட்டுகளில் பல இந்த வகை.

ஓஏடி: கரிம அமிலங்களை வைத்துச் செய்தது. உலோகம் முழுவதும் படியாமல், அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும். அதனால் மெதுவாகத்தான் தீரும். சுமார் 5 ஆண்டுகள் வரை தாங்கும்.

ஹெச்ஓஏடி: இரண்டும் கலந்தது. கரிம அமிலத்தோடு கொஞ்சம் சிலிக்கேட் சேர்த்தால் ஐரோப்பிய பாணி. பாஸ்பேட் சேர்த்தால் ஜப்பான், கொரிய பாணி.

இந்த ஐரோப்பிய, ஆசிய வேறுபாட்டின் பின்னால் ஒரு சுவையான காரணம் இருக்கிறது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் தண்ணீர் கடினமானது, அதாவது கால்சியம் அதிகம். கடின நீரோடு பாஸ்பேட் சேர்ந்தால் கெட்டிப் படிவம் உண்டாகும். அதனால் ஐரோப்பிய நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்தன. ஜப்பானிய நிறுவனங்களோ சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று அதைத் தவிர்த்து, பாஸ்பேட் பக்கம் போயின. இந்தியச் சாலைகளில் மாருதி சுசுகி, டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் ஒரு பக்கமும், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மறுபக்கமும் ஓடுவதால் இரண்டு மரபுகளும் நம் பட்டறைகளில் சந்தித்துக்கொள்கின்றன. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

இரண்டு வகையைக் கலந்தால் என்ன ஆகும்?

பெரும்பாலும் உடனே எதுவும் வெடிக்காது. அதனால்தான் 'எதுவா இருந்தாலும் போட்டுக்கலாம் சார்' என்ற பேச்சு பட்டறைகளில் ஓடுகிறது. நடப்பது இதுதான்: ஒரு வகையின் வேதிப்பொருள் இன்னொன்றின் வேலையைக் கெடுத்து, 5 ஆண்டு தாங்க வேண்டியது ஓரிரு ஆண்டுகளில் வீரியம் இழக்கும். சில கலவைகளில் சிலிக்கேட் திரிந்து கூழ் மாதிரி ஆகி, ரேடியேட்டரையும் ஹீட்டரையும் அடைக்கும்.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கையேடுகள் இதை நேரடியாகவே எச்சரிக்கின்றன. டேங்கில் இருக்கும் ஊதா அல்லது பிங்க் திரவம் பழுப்பாக மாறியிருந்தால், வேறு கூலன்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம். உடனே முழுவதும் மாற்ற வேண்டும்.

நடுவழியில் வேறு வழியே இல்லாமல் வேறு வகையை ஊற்ற நேர்ந்தால் பயப்பட வேண்டாம். இன்ஜின் காய்ந்து ஓடுவதைவிட அது மேல். ஆனால் ஊர் வந்து சேர்ந்ததும் முழுவதும் வடித்து, கழுவி, சரியானதை நிரப்பிவிட வேண்டும்.

என் காருக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உரிமையாளர் கையேட்டில் 'எரிபொருளும் திரவங்களும்' போன்ற தலைப்பில் இருக்கும். கையேடு தொலைந்துவிட்டால் பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் நிறத்தைத் தேடாதீர்கள். பெயரையும் எண்ணையும் தேடுங்கள்.

ஹூண்டாய் கையேடுகளில் அலுமினிய ரேடியேட்டருக்கான பாஸ்பேட் அடிப்படையிலான எத்திலீன் கிளைக்கால் என்று இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் டிஎல் 774 என்று தொடங்கி ஓர் எழுத்தில் முடியும் எண் இருக்கும். 'ஜே' என்றால் ஜி13, 'எல்' என்றால் ஜி12 எவோ. டொயோட்டா, சுசுகி, ஹோண்டா கார்களில் அந்தந்த நிறுவனத்தின் கூலன்ட் பெயரே இருக்கும்.

கடை பாட்டிலின் பின்பக்கத்தில் இந்திய தர எண்ணான ஐஎஸ் 5759, ஜப்பானிய ஜேஐஎஸ் கே 2234, அமெரிக்க ஏஎஸ்டிஎம் டி3306 ஆகியவற்றைப் பார்க்கலாம். இவை அடிப்படைத் தரத்தைச் சொல்கின்றன. உங்கள் காருக்குப் பொருந்துமா என்பதற்குக் கையேட்டில் இருக்கும் பெயரோ எண்ணோ பாட்டிலிலும் இருக்க வேண்டும். 'எல்லா கார்களுக்கும் ஏற்றது' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பது விளம்பரம். படிக்க வேண்டியது பின்பக்கம்.

நம்பகமான வழி, கார் நிறுவனத்தின் அசல் கூலன்ட்டை அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகக் கடையில் வாங்குவது. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் ஒரு சின்ன காருக்குத் தேவைப்படுவது 4 முதல் 5 லிட்டர்தான், அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. சீல் உடைந்த கேனையும், தயாரிப்புத் தேதி, தொகுதி எண் இல்லாத கேனையும், டிரம்மிலிருந்து அளந்து ஊற்றித் தருவதையும் வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் கலக்க வேண்டுமா?

கேனைப் பொறுத்தது. 'ரெடி டு யூஸ்' அல்லது 'ப்ரீ-மிக்ஸ்' என்று இருந்தால் அதில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியே ஊற்ற வேண்டியதுதான். 'கான்சன்ட்ரேட்' என்று இருந்தால் தண்ணீர் கலந்தே ஆக வேண்டும்.

கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தூய எத்திலீன் கிளைக்கால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். சரிபாதி கலவையோ சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தவிர, கிளைக்கால் கூடக் கூட வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறையும்.

சாதாரண காற்றழுத்தத்தில் தோராயக் கணக்கு இது:

30 சதவீதம் கிளைக்கால்: உறைநிலை மைனஸ் 15 டிகிரி அளவில், கொதிநிலை 104 டிகிரி அளவில்.

50 சதவீதம்: உறைநிலை மைனஸ் 37, கொதிநிலை 108.

60 சதவீதம்: உறைநிலை மைனஸ் 52, கொதிநிலை 111. இதற்கு மேல் போவதில் லாபம் இல்லை.

குளிர்காலத்தில் மணாலி, லே பக்கம் போகிறவர்களுக்குச் சரிபாதி கலவை அவசியம். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்குக் கையேடு அனுமதித்தால் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு போதாமல் போகும்.

குழாய்த் தண்ணீர் போதாதா?

குடிக்க நல்ல தண்ணீர் இன்ஜினுக்கு நல்லது என்று சொல்ல முடியாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ன்படி, ஒரு லிட்டர் தண்ணீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதி. குளோரைடு 250 வரை ஏற்கத்தக்கது. ஆனால் கனரக இன்ஜின் தயாரிப்பாளர்கள் கூலன்ட்டில் கலக்கும் தண்ணீருக்கு வைத்திருக்கும் வழக்கமான உச்சவரம்பு கடினத்தன்மைக்கு 170, குளோரைடுக்கு வெறும் 40. குளோரைடு அலுமினியத்தில் ஊசி குத்தியது போலத் துளை போடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

டெல்லியானாலும் சென்னையானாலும் போர் தண்ணீர் பல இடங்களில் இந்த வரம்பைத் தாண்டிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சில பத்து ரூபாயில் கிடைக்கிறது. அதையே கலந்துகொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது சிலர் வழக்கம். அதில் தூசியும் உலோகத் துணுக்கும் வரும், வேண்டாம். மினரல் சேர்க்கும் ஆர்ஓ இயந்திரத்தின் தண்ணீரும் வேண்டாம்.

'கொஞ்சமா தண்ணி மட்டும்' ஊற்றினால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் காரில் 5 லிட்டர் சரிபாதிக் கலவை இருக்கிறது. அரை லிட்டர் குறைகிறது, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். இப்போது கிளைக்கால் 45 சதவீதம். மறுபடியும் அதேபோலக் குறைந்து, தண்ணீர் ஊற்றினால் 40. மூன்றாவது முறை 36. நான்காவது முறை 33-க்கும் கீழே போய்விடும். டேங்க் மட்டும் எப்போதும் நிறைந்தே தெரியும். சாயம் கொஞ்சம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான கேள்வி, ஏன் குறைகிறது என்பது. கூலன்ட் ஓடும் பாதை மூடப்பட்டது. பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை இது. ஓரிரு ஆண்டில் சில மில்லிமீட்டர் இறங்கலாம். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது இன்ஜினுக்குள்ளேயே எரிகிறது.

லாரிக்காரர்களிடம் ஒரு பழைய வைத்தியம் உண்டு: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது. சின்ன ஓட்டையை அது தற்காலிகமாக அடைக்கும், உண்மைதான். நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும் என்பதும் உண்மை. பாட்டிலில் விற்கும் 'லீக் ஸ்டாப்' திரவங்களுக்கும் அதே கதைதான்.

கூலன்ட்டை எப்படிச் சோதிப்பது?

முதல் விதி: இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட நொடியில் 100 டிகிரிக்கு மேல் இருக்கும் திரவம் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். வண்டி ஓடியிருந்தால் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஆற விடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்றால் மட்டும் துணி போட்டு மெதுவாகத் திருப்புங்கள்.

மட்டம்: டேங்கின் பக்கவாட்டில் லோ, ஃபுல் என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஆறிய இன்ஜினில் திரவம் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். மூடியைத் திறக்காமலே இதைப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை போதும்.

தோற்றம்: தெளிவாக, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். துருப் பழுப்பு என்றால் அரிப்பு அல்லது கலப்பு. கூழ், சேறு என்றால் பொருந்தாத வகைகள் கலந்திருக்கின்றன. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, காபி நிறத்தில் பால் மாதிரி கலங்கியிருந்தாலோ இன்ஜின் ஆயிலும் கூலன்ட்டும் கலக்கின்றன. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கலவை விகிதம்: இதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி உண்டு. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் உறைநிலை எவ்வளவு என்று காட்டும். நல்ல பட்டறையில் இருக்கும், கேளுங்கள்.

அரிப்புத் தடுப்பு: ரிஃப்ராக்டோமீட்டர் கிளைக்கால் அளவை மட்டும்தான் சொல்லும். அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள் தீர்ந்துவிட்டதா என்று சொல்லாது. அதற்குச் சோதனைத் தாள்கள் இருக்கின்றன. நல்ல கூலன்ட் காரத்தன்மையோடு, அதாவது பிஹெச் 7-க்கு மேல் இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் அமிலமாகிவிட்டது, மாற்றிவிட வேண்டும். பழைய வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், சோதனைக்குச் செலவு செய்யாமல் நேராக மாற்றிவிடுவதே சிக்கனம்.

பழைய கார் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

புசா ரோட்டில் வாங்கினாலும் சரி, கோவையில் வாங்கினாலும் சரி, வரிசை இதுதான்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்குள் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள், அல்லது இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

டேங்கில் மட்டத்தையும் தெளிவையும் பாருங்கள். வெறும் தண்ணீராகத் தெரிந்தால் அங்கேயே யோசியுங்கள். பத்து வயது வண்டியில் பளபளவென்று புதுக் கூலன்ட் இருந்தாலும் ஒரு கேள்வி கேட்கலாம்: எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா? சர்வீஸ் புத்தகத்தில் அந்தப் பதிவு இருக்க வேண்டும்.

மூடியின் உள்பக்கம், ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் இரண்டையும் பாருங்கள். மயோனைஸ் மாதிரி வெளிர் பசை இருந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தால் ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் இப்படிப் படியலாம். டிப்ஸ்டிக்கில் ஆயிலும் கலங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வண்டியை ஸ்டார்ட் செய்து டேங்கைப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் எரிவாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது. சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அதே நோய்தான்.

ஹீட்டரைப் போடுங்கள். தமிழ்நாட்டில் யாரும் தொடாத பட்டன் அது. ஆனால் இங்கே நல்ல சோதனை. இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்று வரவில்லை என்றால் கூலன்ட் குறைவு, உள்ளே காற்று அடைப்பு, அல்லது சேறு. முன்னிருக்கைக் கால்மிதி ஈரமாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டர் கசிகிறது.

கடைசியாக ஏசி போட்டு வண்டியை நிறுத்தியபடியே பத்து, பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். ஃபேன் ஓடி ஓடி நிற்க வேண்டும், வெப்பநிலை நடுவிலேயே நிற்க வேண்டும். பிறகு கீழே குனிந்து சொட்டு விழுகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம். இன்ஜின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்ட வண்டிகள் சந்தையில் உண்டு. தெர்மோஸ்டாட் என்பது பல கார்களில் 80 டிகிரிக்கு மேல் திறக்கும் கதவு. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும், உண்மையான கோளாறு மறைந்திருக்கும். நெடுஞ்சாலையில் வெப்பமானி முள் எழும்பவே இல்லை என்றால் கேட்டுவிடுங்கள்.

வழியில் வெப்ப விளக்கு எரிந்தால்?

ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், அது ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி உதவும். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். 'அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்' என்ற நினைப்புதான் ஹெட்டை வளைக்கிறது. மூடியைத் திறக்காதீர்கள், சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆறிய பிறகு மட்டம் பாருங்கள்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது?

கையேட்டில் இருப்பதுதான் கணக்கு. நீண்ட ஆயுள் வகைகளில் பெரும்பாலும் முதல் மாற்றத்துக்கு நீண்ட அவகாசமும், அடுத்தடுத்தவற்றுக்குக் குறைந்த அவகாசமும் இருக்கும். உதாரணமாக டொயோட்டாவின் பிங்க் நிற சூப்பர் லாங் லைஃப் கூலன்ட்டுக்குப் பல நாடுகளில் முதல் முறை 1,60,000 கிலோமீட்டர், பிறகு 80,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. ஆண்டுக் கணக்கும் உண்டு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. இந்த ஆயுள் எல்லாம் தண்ணீரோ வேறு வகையோ கலக்காத கூலன்ட்டுக்கு மட்டும்தான்.

மின்சாரக் கார்களிலும் பேட்டரியைக் குளிர்விக்கக் கூலன்ட் ஓடுகிறது. சிலவற்றில் மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும் தனி வகை தேவை. அங்கே நீங்களாக எதையும் ஊற்ற வேண்டாம்.

குழந்தைகள், நாய்கள்: கவனம்

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்தில் இருந்த டைஎத்திலீன் கிளைக்கால், இதன் நெருங்கிய உறவுதான். மிச்சக் கூலன்ட்டைக் குடிதண்ணீர், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. கீழே சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள், தெரு நாய்கள் நக்கும். வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்து சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். யாராவது குடித்துவிட்டால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சுருக்கமாக

கலரைக் கேட்டு வாங்காதீர்கள், கையேட்டில் இருக்கும் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கலக்க வேண்டுமென்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மாதம் ஒருமுறை, ஆறிய இன்ஜினில், டேங்கைப் பாருங்கள். குறைந்துகொண்டே இருந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள், எங்கே போகிறது என்று தேடுங்கள். பழைய கார் வாங்கியிருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் கூலன்ட்டை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்து மாற்ற வேண்டியது எப்போது என்று பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.